வரிசையில் நிற்காதவள்

“எனக்கு ஞானஸ்நானம் வேண்டாம், ஃபாதர். பேரை அடிச்சுடுங்க.”

லாயிட் உட்காரக்கூட இல்லை. ஈஸ்டருக்கு இன்னும் மூன்றே வாரம். செப்டம்பரிலிருந்து ஒரு ஞானஸ்நான வகுப்பைக்கூடத் தவறவிடாத மனிதர்.

ஃபாதர் ரோமன் பேனாவைக் கீழே வைத்தார். “என்ன ஆச்சு?”

“உங்க பெர்னிஸ் ஒரு பித்தலாட்டக்காரி. அதான் ஆச்சு.”

ஃபாதருக்குச் சுருக்கென்றது. பெர்னிஸ், லாயிட்டின் எதிர்வீட்டுக்காரி. போன வருஷம் அவருக்கு இதய ஆபரேஷன் ஆனபோது, தனிக்கட்டையான அந்த மனிதருக்கு ஆறு வாரம் தினமும் கோழி சூப் கொண்டுபோய்க் கொடுத்தவள். வாசல் பனியை வாரித் தள்ளியவள். “எனக்கு எதுக்கு இதெல்லாம் செய்யறீங்க?” என்று லாயிட் கேட்டதற்கு, “ஞாயித்துக்கிழமை என்கூட வந்து பாரு” என்றாள். அறுபத்திரண்டு வயது வரை கோயில் படி ஏறாதவர், அவளை நம்பித்தான் ஏறினார்.

“பெர்னிஸா? அவங்க என்ன செஞ்சாங்க?”

“ஞானஸ்நானம் வாங்காதவங்களை எல்லாம் பிரசங்கம் முடிஞ்சதும் கீழே வகுப்புக்கு அனுப்பிடறீங்க. நற்கருணை அப்பம் கொடுக்கறதை நாங்க பார்த்ததே கிடையாது. போன ஞாயிறு கையுறையை மறந்துட்டு மேலே வந்தேன். கோயிலே எழுந்து வரிசையில நிக்குது. இவ மட்டும் முழங்காலை ஒதுக்கி எல்லாருக்கும் வழி விட்டுட்டு, கல்லு மாதிரி உக்காந்திருக்கா!”

ஃபாதர் எதிர் நாற்காலியைக் காட்டினார். லாயிட் கண்டுகொள்ளவில்லை.

“உடம்பு சரியில்லையோன்னு வாசல்ல நிக்கற பெரியவரைக் கேட்டேன். ‘நான் இங்க நிக்க ஆரம்பிச்சு இருபது வருஷம். அவ ஒரு தடவைகூடப் போய் வாங்கினதில்லை’ங்கறார். ஒரு தடவைகூட! இதே பொம்பளைதான் கார்ல வரும்போது, ‘லாயிட், அது அப்பம் இல்லை, ஆண்டவரே’ன்னு கண் கலங்கினா. ஆண்டவர் வந்து நிக்கறார்னா நாலடி எழுந்து போக மாட்டாளா? தான் குடிக்காத மருந்தை எனக்கு விக்கறா!”

“காரணம் எனக்குத் தெரியும்” என்றார் ஃபாதர். “ஆனா அது அவங்க வாயால வரணும். கீழேதான் இருக்காங்க. என்கிட்ட கத்தினதை அங்க போய்க் கத்துங்க.”

இறைச்சி தவிர்க்கும் தவக்கால வெள்ளிக்கிழமை. கோயிலின் அடித்தளக் கூடத்தில் தெருவே உட்கார்ந்து மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அடுப்படியில் முழங்கை வரை மாவோடு நின்றாள் பெர்னிஸ்.

“வாய்யா! டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? உனக்கு ரெண்டு துண்டுதான். கெஞ்சினாலும் மூணாவது கிடையாது.”

“மீன் வேண்டாம், பதில் வேணும். நீங்க ஏன் நற்கருணை வாங்கறதில்லை?”

பக்கத்தில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கத்தி நின்றது. பெர்னிஸ் அடுப்பைத் தணித்தாள்.

“ஓ. பார்த்துட்டியா?”

“பார்த்தேன். மூணு வாரத்துல என்னை அதே வரிசையில நிக்க வைக்கப் போறீங்க. நம்பாத ஒண்ணுக்கு என்னை எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க?”

அவள் கூடத்தைக் காட்டினாள். அங்கே அவள் புருஷன் கஸ், சீட்டியடித்தபடி மேசை துடைத்துக்கொண்டிருந்தார்.

“என் கஸ் எப்படி?”

“தங்கமான மனுஷன். அவருக்கென்ன?”

“அவருக்கு முன்னாடியே ஒரு கல்யாணம் ஆச்சு. கோயில்ல. அந்தம்மா விட்டுட்டுப் போயிட்டா. கோர்ட்ல விவாகரத்து கிடைச்சுது. ஆனா கோயில்ல சேர்த்ததைக் கோர்ட் பிரிக்க முடியாதே. அந்தக் கல்யாணம் செல்லாதுன்னு சொல்லக் கேட்டு பிஷப் ஆபீசுக்கு எழுதினோம். ரெண்டு வருஷம் விசாரிச்சாங்க. பழைய கல்யாணம் செல்லும்னுட்டாங்க. அந்தம்மா இன்னிக்கும் உயிரோட இருக்கா. அப்ப கோயில் பார்வையில நான் யாரு? அவர் பொண்டாட்டி இல்லை. அப்படி வாழறவ நற்கருணை வாங்கக் கூடாது.”

லாயிட்டின் கோபம் நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டது.

“என்ன அநியாயம் இது! ஓடிப்போனவ யாரோ, தண்டனை உங்களுக்கா? இதையா சட்டம்னு சொல்றாங்க? யாரு உங்களைச் சோதிக்கப் போறா? பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போய் வரிசையில நில்லுங்க. யாருக்குத் தெரியும்?”

“கத்தாதே, தையல் விட்டுடும்” என்றாள் பெர்னிஸ். சிரிக்கவில்லை. “எனக்கு மட்டும் கோபம் இல்லைன்னா நெனக்கறே? இருபத்தாறு வருஷமா ஒவ்வொரு ஞாயிறும் அங்க உக்காந்து ஆண்டவரோட சண்டைதான். ‘உமக்கு இது நியாயமா, என்னைப் பட்டினி போடறீரே’ன்னு கேக்கறேன். பக்கத்து ஊர் யோசனையும் எனக்குப் புதுசில்லை. ரெண்டு தடவை போனேன். வரிசையிலகூட நின்னேன்.”

“அப்புறம்?”

“எனக்கு முன்னால மூணே பேர். திரும்பி வந்துட்டேன்.”

“ஏன்?”

“கஸ்ஸை விட முடியாது. ஆண்டவர்கிட்டப் பொய் சொல்லிட்டு அதை வாங்க வாயைத் திறக்கவும் முடியாது.” அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். “வெறும் அப்பம்னு நெனச்சிருந்தா, என்னைக்கோ வாங்கித் தின்னிருப்பேன், லாயிட்.”