அடி சேறுதான்

“அடியில சேறா, சிப்பியா? அதை மட்டும் சொல்லு ஒவீட். எந்த மோட்டார்னு நான் சொல்றேன்” என்றார் படகு மோட்டார் விற்கும் டூசே.

“சேறு” என்றான் ஒவீட், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அவன் மனைவி எர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேறாம்! படகிலிருந்து கழற்றிய பழைய மோட்டாரை டூசேயின் கடை மேஜைமேல்தான் வைத்திருக்கிறார்கள். அதன் விசிறி சிப்பியில் உரசி உரசிப் பாதியாகத் தேய்ந்து கிடக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்த மனுஷனால் எப்படித்தான் வாய் கூசாமல் சொல்ல முடிகிறதோ!

“சேறுன்னா குட்டை வால் மோட்டார் போதும். சும்மா பறக்கும்” என்றார் டூசே. “ஆனா தரை கெட்டியா இருந்துச்சோ, ஒரே சீசன்ல விசிறி காலி. அதுக்கு நீள வால்தான் சரி. கைப்பிடியை அமுக்கினா போதும், விசிறியோட சேர்ந்து வால் மேல எழும்பிடும். சிப்பித் திட்டைத் தாண்டிப் போயிடலாம். வேகம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. சேறுதானா?”

“சேறுதான். வெண்ணெய் மாதிரி சேறு.”

மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்த கிழவர் யுக்லீட், சட்டென்று குவளைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

எர்லின் கணவனின் சட்டையைப் பிடித்து, ரப்பர் பூட்ஸ் அடுக்கியிருந்த பக்கம் இழுத்துப் போனாள்.

“உனக்கென்ன கிறுக்கா? தேஞ்சுபோன விசிறியே சொல்லுதே, அங்க பூரா சிப்பின்னு!”

“மெதுவா பேசு! சிப்பின்னு சொன்னா எந்த இடம்னு கண்டுபிடிச்சிடுவாங்க. சனிக்கிழமை வாத்து வேட்டை சீசன் ஆரம்பம். விடியறதுக்குள்ள மொத்த ஊரும் அங்க வந்து குந்திக்கும்.”

“குந்தட்டுமே! ஊர்ல இல்லாத வாத்தா?”

“அப்பா சாகறப்போ என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினாரு எர்லின். ‘அந்த இடம் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எவன் கேட்டாலும் சேறுன்னு சொல்லு’ன்னாரு. அவரு எனக்குன்னு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்.”

“என்னை விட்டுட்டுப் போகப் பாத்தியே, போன ஜனவரியில, அது மறந்துபோச்சா?”

ஒவீட் ஒரு பூட்ஸைத் தூக்கி விலையைப் பார்த்தான்.

அன்று வடகாற்று அடித்துத் தண்ணீரை எல்லாம் கடலுக்குத் தள்ளிவிட்டது. இவன் படகு சிப்பித் திட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது. உறைகிற குளிர். போனில் “எங்க இருக்க?” என்று அலறினாள். “தண்ணியில” என்றான். “எந்தத் தண்ணியில?” என்றாள். போனை அணைத்துவிட்டான் பாவி. டூசேயைக் கூப்பிட்டு அழுதாள். “எங்கன்னு தெரியாம எங்கம்மா தேடறது?” என்றார் அவர். இரவு முழுக்க ஜன்னலோரம் நின்று, திட்டுவதும் ஜெபிப்பதுமாகக் கழித்தாள். காலையில் காற்று திரும்பி, தண்ணீர் ஏறி, உதடு நீலம் பாரித்து வந்து சேர்ந்தவன் முதலில் சொன்னது, “யாருக்கும் தெரியல!” என்றுதான். இந்தச் சனிக்கிழமையும் அதே இடம். அதுவும் தப்பான மோட்டாரோடு. இந்தத் தடவை திரும்பி வருவானா?

“குட்டை வாலையே குடு டூசே. நான் வண்டியைப் பின்பக்கம் கொண்டு வர்றேன்” என்று ஒவீட் வெளியே போனான்.

எர்லின் நேராக மேஜைக்கு வந்தாள். மாமனாரின் சத்தியம் மாமனாரோடு போகட்டும்.

“டூசே, அது சேறு இல்ல. சிப்பி. வீடு வந்து சேர்ற மோட்டாரா ஒண்ணு குடுங்க. அவன் கத்தினா கத்தட்டும்.”

“நீள வாலை எப்பவோ எடுத்து வெச்சாச்சு” என்றார் டூசே. “குட்டை வால் வித்துப்போச்சுன்னு சொல்லிக்கறேன்.”

“சிப்பின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

டூசே வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “உங்க மாமனாரு எனக்கும் அந்த இடத்தைக் காட்டினாரும்மா. நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும், கேட்டா சேறுன்னு சொல்லுன்னாரு. யுக்லீடையும் தனியா கூட்டிட்டுப் போய் அதையேதான் சொல்லியிருக்காரு.”

எர்லினுக்கு முகம் சிவந்தது. “அப்போ இடம் தெரிஞ்சிருக்கு! அன்னைக்கு அப்படி அழுதேனே, தெரியாதுன்னு சொல்ல எப்படிய்யா மனசு வந்துச்சு?”

டூசே தலையைக் குனிந்துகொண்டார். யுக்லீட்தான் குவளையைக் கீழே வைத்தார்.

“உங்க போன் வந்ததுமே நாங்க சின்னப் படகை எடுத்துட்டுக் கிளம்பிட்டோம்மா. பக்கத்துல போனா, இடம் எங்களுக்கும் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சுபோகும். அப்பா குடுத்தது போச்சேன்னு உடைஞ்சு போயிடுவான். அதான் அடுத்த நாணல் மறைவுல விளக்கை அணைச்சுட்டு விடியற வரைக்கும் உக்காந்திருந்தோம். அவன் தும்மற சத்தம் நின்னா ஓடிடலாம்னு இருந்தோம். நல்லவேளை, விடாம தும்மினான்.”

எர்லின் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒவீட் உள்ளே வந்தான். மூன்று முகங்களையும் சந்தேகமாகப் பார்த்தான்.

“என்ன, என்னத்தைப் பத்திப் பேச்சு?”

எர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சேத்தைப் பத்தித்தான்” என்றாள்.