கப்பல் நாள்

தீவின் சாத்தம் ஜெட்டியில் மாலை வெயில் சாய்கிறது. பக்கத்து மரமில்லின் படாக் மரத்தூள் செம்பொடியாய்க் காற்றில் மிதக்கிறது. மெட்ராஸுக்குத் திரும்பும் கப்பலின் மேல்தட்டில் உதயசூரியன் பெட்டிக் கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறார். போகிற ஊரிலெல்லாம் முன்பின் தெரியாதவர்களைப் படம் பிடிப்பது அவருக்கொரு பித்து. தீவுதீவாகச் சுற்றியதில், இப்போது ஒரே ஒரு படத்துக்குத்தான் ஃபிலிம் மிச்சமிருக்கிறது. கீழே, கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்று, நீலச் சேலைக்காரி ஒருத்தி கையசைக்கிறாள். தூக்கிய கையில் கண்ணாடி வளையல்கள் முழங்கைவரை சரிகின்றன. யாருக்கென்று இவர் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் துருவேறிய இரும்புச் சுவர்தான் இருக்கிறது. “யாரும்மா போறாங்க?” என்று குனிந்து கேட்கிறார். “யாருமில்லண்ணே. ஜஹாஸ் கெளம்புற நாள்ல நாங்கல்லாம் வந்து கைகாட்டுவோம். நம்ம சொந்த ஊருக்குப் போவுதுல்ல?” கேமராவின் சின்னக் கண்ணாடிக்குள் அவள் நகமளவாக நிற்கிறாள், அந்தக் கை மட்டும் ஓயவில்லை. விசையை அழுத்துகிறார். ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு ஒன்றும் கொடுக்காமல் போகிறோமே என்று வழக்கம்போல உறுத்துகிறது. கயிற்றை அவிழ்க்கிறார்கள். கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவே பச்சைத் தண்ணீர் அகலத் தொடங்குகிறது. “அட்ரஸ் சொல்லும்மா, படத்தை அனுப்பி வைக்கிறேன்!” என்று கத்துகிறார். அவள் கையை இறக்கி, வாயருகே குவித்துக்கொள்கிறாள். “இங்க எதுக்குண்ணே திருப்பி அனுப்புறீங்க? அதுவாச்சும் அங்க இருக்கட்டும்!”