தலைகீழ் அம்பு

இடித்த வீடுகளிலிருந்து வாங்கிவந்த மரத்தில் எஸ்தர் தன் வீட்டுக்கு ஒரு வேலைமேசை செய்தாள். கால்கள், மஞ்சள் குங்குமம் இன்னும் மறையாத பழைய வாசல்நிலை. மேலே ஒரு கதவுப் பலகை. குறுக்குச் சட்டம் மட்டும் பார்சல் வந்த மரப்பெட்டியிலிருந்து எடுத்தது. அதில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அச்சடித்த அம்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடையிலிருந்து பளபளவென்று வந்திறங்கிய சாப்பாட்டு மேசைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"உடம்பெல்லாம் ஆணி ஓட்டை. அம்புகூடத் தலைகீழ். உனக்கெல்லாம் மேசைன்னு பேரா?"

வேலைமேசை பதில் சொல்லியிருக்கும். அதற்குள் எஸ்தர் அதன்மேல் ஒரு கட்டையை வைத்து அறுக்கத் தொடங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த மாமா, சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றினார். மரத்தூளை ஒட்டிச் செய்திருந்த அதன் ஒரு கால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மீன்குழம்புச் சட்டி வழுக்கிக்கொண்டுபோய் அவர் மடியில் இறங்கியது.

மாமா வேட்டி மாற்றப் போனார். எஸ்தர் சாப்பாட்டு மேசையைத் தூக்கிவந்து வேலைமேசைமேல் கவிழ்த்துப் போட்டாள். மிச்சமிருந்த மூன்று கால்களும் கூரையைப் பார்த்தன.

"ஐயோ, விழுந்துடுவேன்!"

"விழமாட்டே. நான் இருக்கேன்."

புதுக் காலை வைத்து எஸ்தர் சுத்தியலை ஓங்கினாள். வீடே அதிர்ந்தது. வேலைமேசை இம்மிகூட அசையவில்லை.

சாப்பாட்டு மேசை மெல்லக் கண்ணைத் திறந்து, தலைகீழாகக் கிடந்தபடியே விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

"அண்ணே," என்றது, "உங்க அம்பு சரியாத்தான் இருக்கு."