மஞ்சள் துணி முடிச்சு

சித்தூர் வக்கீல் ஆதிநாராயணன் வீட்டு வாசலெங்கும் சாமந்தி மாலைகள். உயர் நீதிமன்றத்துக்கு அவர் ஜட்ஜாகப் போகிறார். அதனால் கட்சிக்காரர்களின் காகிதக் கட்டுகளைக் குமாஸ்தா திருப்பிக் கொடுக்கிறார். வரதய்யபாளையம் பொன்னியம்மாவின் கைக்கு வருவது ஒரு மஞ்சள் துணி மூட்டை. உள்ளே, மாநில எல்லை பிரிக்கையில் ஊரை மதராஸோடு சேர்க்கச் சொல்லி முந்நூறு பேர் கைநாட்டு வைத்த மனு. திருப்பதி வேண்டுதலுக்கு முடிவதுபோல் ஒற்றைக் காசு வைத்து, மூன்று வருஷத்துக்கு முன் அவள்தான் முடிந்து கொடுத்தாள். "எல்லை விசாரணையில ஒவ்வொரு பேரா படிச்சுக் காட்டினேம்மா. அதிகாரிங்க ஒத்துக்கல," என்கிறார் வக்கீல், மாலைக்கு மேலே சிரித்தபடி. காலை வெயில் மூட்டைமேல் விழுகிறது. அவள் கட்டைவிரல் முடிச்சைத் தடவி, உள்ளே காசின் விளிம்பில் நிற்கிறது. குரலை உயர்த்தாமல் சொல்கிறாள்: "நான் போட்ட முடிச்சு அப்பிடியே கீது, சாமி."