டான்சியின் வெள்ளோட்டம்

"டான்சிக்கு விலை ஆறாயிரம் டாலர். ஒரு டாலர் குறையாது" என்றாள் லவோன். அலாஸ்காவில் அவளும் கணவரும் நடத்தும் நாய்ப்பண்ணையில் பேரமெல்லாம் அவள் பொறுப்பு. பழைய டிரக் குளிரில் உயிரை விட்டுவிட்டதால், வேறு வாங்க, பனிவண்டி இழுக்கும் நாய்களை முன்னால் ஓடி வழிநடத்தும் தலைநாய் டான்சியையே விற்க வேண்டியதாயிற்று.

"ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றார் வாங்க வந்த கிளெம்.

"ஏறி உக்காருங்க. புத்தியெல்லாம் முன்னாடி ஓடுற டான்சிக்குத்தான். பின்னாடி தொத்திக்கிட்டு வர்ற நான் வெறும் மூட்டை" என்றார் லவோனின் கணவர் ஓரின்.

எட்டு நாய்கள் பூட்டிய பனிவண்டி பறந்தது. முப்பது வருடத்தில் ஓரின் ஒருமுறைகூட வண்டியின் பின்பக்கக் கைப்பிடியை விட்டதில்லை. விட்டவனை அவன் சாகும்வரை அந்த ஊர் கேலி செய்யும்.

அரைமணியில் வண்டி திரும்பியது. பின்னால் ஓரின் இல்லை. உள்ளே கிளெம் பேயறைந்தவர் போல் உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் விழுந்துட்டார். நில்லு நில்லுன்னு தொண்டை கிழியக் கத்துறேன், இந்த நாய் காதுலயே வாங்கல! சும்மா குடுத்தாலும் வேண்டாம்மா!"

அவர் போய் வெகுநேரம் கழித்து, தாடியெல்லாம் பனியாக ஓரின் நடந்து வந்தார்.

"கை வழுக்கிடுச்சா?"

"இல்ல. வேணும்னேதான் விட்டேன்."

"ஊரே சிரிக்குமே மனுஷா! டிரக்குக்கு என்ன பண்றது?"

"அதான் நடந்து பழகிட்டேனே!"

லவோன் டான்சியின் கழுத்தில் முகம் புதைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பண்ணையின் தினக்குறிப்பை எழுதினாள்:

"போன நாய்கள் எட்டு, எட்டும் வந்தன. புருஷன் ஒன்று, நடந்து வந்தது. அதன் மானம் இன்னும் வந்து சேரவில்லை."