மார்ச் ஒன்பது முத்திரை

"போர்ஜரி சார்! பச்சையான போர்ஜரி! இதையும் ஒரு ஆதாரம்னு கையில வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கீங்களே!"

தலைமைப் பொறியாளர் போட்ட சத்தத்தில், முதலாளி அறைக் கண்ணாடிக்கு வெளியே கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் அத்தனையும் நின்றுவிட்டன.

முதலாளி நிதானமாக அந்தக் கவரைத் திருப்பினார். வெளிநாட்டுத் தபால்தலை. அதன் மேல் வட்டமாக, கறுப்பாக, ஒரு எழுத்துகூடக் கலங்காத முத்திரை. மார்ச் ஒன்பது. கவரை அவரேதான் பிரித்திருந்தார். உள்ளேயிருந்து வந்த காகிதம் நாலாக மடித்த தடத்தோடு பக்கத்தில் கிடந்தது. சொட்டுத் தண்ணீர்கூடக் கசியாத பம்பு வால்வின் படம்.

அதே வால்வைத்தான் பொறியாளர் ஆகஸ்டில் தன் கண்டுபிடிப்பு என்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். நாளைக் காலை காப்புரிமைக்கு விண்ணப்பம் போகிறது. அதில் யார் பெயர் என்பதுதான் இப்போது வழக்கு.

"நீ சொல்லும்மா" என்றார் முதலாளி.

எதிரே நின்றவள் டிராயிங் பிரிவில் படம் வரைபவள். ஆபீசில் 'முத்திரை மேடம்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். உலகத்தின் எந்த மூலையில் தபால் ஆபீஸ் இருந்தாலும் சரி, தன் விலாசம் எழுதிய கவர் ஒன்றை அனுப்பி, தேதி முத்திரை குத்தித் திருப்பி அனுப்பச் சொல்லி வாங்கிவிடுவாள். கடிதம் கிடித‌ம் எதுவும் இருக்காது. முத்திரை மட்டும்தான் வேண்டும்.

"வெறும் கவர்ல குத்தினா முத்திரை சரியா விழாது சார். கலங்கிடும். அதனால உள்ளே ஒரு கெட்டித் தாளை வச்சு அனுப்புவோம். அன்னிக்குக் கைக்குக் கிடைச்சது இந்தப் படம். வச்சு அனுப்பினேன். மே மாசம் திரும்பி வந்துச்சு."

"கேட்டீங்களா கதையை!" பொறியாளர் கையைத் தட்டினார். "கோடி பெறுற வால்வை, அட்டைக்குப் பதிலா வச்சு வடதுருவத்துக்குப் பக்கத்துல அனுப்பினாங்களாம்! நம்ம காதுல பூ வைக்கிறா சார்!"

"அன்னிக்கு அது கோடி பெறும்னு எனக்குத் தெரியாது சார். உங்களுக்குத்தான் தெரிஞ்சுது."

பொறியாளருக்கு முகத்தில் ரத்தம் ஜிவ்வென்று ஏறியது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இவள் பென்சில் சீவக் கற்றுக்கொள்ளும் முன்பே அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. இவளா அவரைச் சந்தியில் நிறுத்துவது?

"சார், இந்த முத்திரை சேர்க்கிற கூட்டத்தோட வழக்கம் என்னன்னு விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். கவரோட வாயை ஒட்டவே மாட்டாங்க. ஒட்டினா அழகு போயிடுமாம். மடிச்சு உள்ளே செருகிடுவாங்க. அந்த மாதிரி ஒட்டாத கவர் இவகிட்ட ரெண்டாயிரம் இருக்கு. சாப்பாட்டு நேரத்துல ஆபீசுக்கே கடை விரிச்சுக் காட்டுவா. நீங்க எந்தத் தேதி கேட்டாலும் அந்தத் தேதிக்கு ஒரு கவரை எடுத்து நீட்டுவா. அதுல ஒண்ணை எடுத்து, போன வாரம் இந்தப் படத்தைத் திணிச்சு, வாயை ஒட்டிக் கொண்டுவந்திருக்கா. முத்திரை நிஜம். தேதி நிஜம். உள்ளே இருக்கிறதுதான் பொய்!"

முதலாளியின் புருவம் உயர்ந்தது. "ஏம்மா, அப்படிச் செய்ய முடியுமா?"

"முடியும் சார்."

"பாருங்க! அவ வாயாலேயே வந்துடுச்சு!"

"முடியும்னு சொன்னேன் சார். செஞ்சேன்னு சொல்லலை."

பொறியாளர் மேஜையில் ஓங்கி அறைந்தார். பேனா ஸ்டாண்டு கவிழ்ந்து உருண்டது. "திமிரைப் பாருங்க! கொஞ்சமாவது பயம் இருக்கா?"

"கத்தாதய்யா, பி.பி. எகிறிடப் போகுது."

"கத்தாம என்ன சார் செய்யச் சொல்றீங்க? என் பிள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன். மார்ச் மாசத்துல இந்தப் படம் இந்தக் கவருக்குள்ளே கிடையாது! கிடையவே கிடையாது!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அது நடிப்பில்லை. கண்ணெதிரே ஒரு பொய் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, அதைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியாதவனின் ஆத்திரம்.

முதலாளியே கொஞ்சம் அசைந்துதான் போனார். "நான் உன்னை நம்புறேன்னே வச்சுக்குவோம். கோர்ட்டுன்னு போனா உன் சத்தியம் நிக்காதுய்யா, இந்த முத்திரைதான் நிக்கும். இது மார்ச்சுக்கு அப்புறம் வரைஞ்ச படம்னு காட்ட ஏதாவது வச்சிருக்கியா? தேதியோட, ஒரே ஒரு ஆதாரம்?"

"இருந்தா காட்டுங்க சார்" என்றாள் அவள். "இப்பவே இந்தக் கவரைக் கிழிச்சுப் போட்டுட்டு, வேலையையும் விட்டுட்டுப் போயிடறேன்."

பொறியாளரின் கை அவரை அறியாமல் சட்டைப் பைக்குப் போய், சுட்டதுபோல் திரும்பி வந்தது.

ஆதாரம் அங்கேதான் இருந்தது, அவருடைய செல்போனில். ஜூலை இரண்டாவது வாரம், திங்கள் முதல் சனி வரை, அவள் சாப்பிடப் போன ஒவ்வொரு மதியமும் அவள் மேஜைக்குப் போய் அவர் திருட்டுத்தனமாக எடுத்த ஆறு போட்டோக்கள்: ஒற்றைக் கோட்டில் ஆரம்பித்து, நாளுக்கு நாள் வளர்ந்து, அவள் கையாலேயே முழுதாகி நின்ற அதே வால்வு, தேதியோடு, நேரத்தோடு.