மாமனாருக்குப் பிடிக்காத கார்

“இந்த வண்டி வேணாம்” என்றார் ஞானதாஸ். அப்போது அவர் காரில் ஏறக்கூட இல்லை.

சிநேகா பல்லைக் கடித்துக்கொண்டு மாமனாருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

டெஸ்ட் டிரைவுக்காக ஷோரூம்காரர்கள் கூடுவாஞ்சேரி வீட்டு வாசலுக்கே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பெரிய எஸ்.யூ.வி. பிளக்-இன் ஹைபிரிட். வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டால் அறுபது கிலோமீட்டர் கரண்டில் ஓடும். அதற்கு மேல் பெட்ரோல். கணவன் ஆல்வின் ரயிலில் இடிபடாமல் சிங்கப்பெருமாள் கோயில் ஃபேக்டரிக்குப் போய்வரலாம், ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் குடும்பத்தோடு எங்கே வேண்டுமானாலும் கிளம்பலாம். மூன்று மாதமாக ராத்திரி பகலாகப் படித்து, பத்து வண்டிகளைக் கழித்து, இதில் வந்து நின்றிருந்தாள் சிநேகா. ஓட்டிப் பார்த்துத் திருப்தியாக இருந்தால் இன்றைக்கே புக்கிங்.

ஆல்வின் வண்டியை எடுத்தான். பக்கத்தில் ஷோரூம் ஆள் சுஹைப். பின்னால் மாமனாரும் சிநேகாவும், நடுவில் ஏழு வயது மகள் ஜெபா. கண்ணாடிக் கூரை வழியாக மேகம் கூடவே வருகிறது என்று அவள் கத்திக்கொண்டே வந்தாள்.

மாமனார் பரனூர் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

படி உயரமாக இருக்கிறது, முட்டி வலிக்கிறது என்றார். ஏறும்போது தானாகவே வண்டி தாழ்ந்துகொடுக்கும் என்றான் சுஹைப். நம் தெருவில் மழைக்கு முழங்கால் தண்ணி நிற்கும், பாட்டரி அடியில் இருக்கிறதே என்றார். தண்ணீர் புகாது என்று அவன் படம் காட்டினான். அதை அவர் பார்க்கவே இல்லை. சத்தமே வராத வண்டி, தெருவில் விளையாடும் குழந்தைகளுக்கு எப்படித் தெரியும் என்றார். அதற்கும் அவனிடம் பதில் இருந்தது.

திருக்கழுக்குன்றம் தாண்டியபோது, சீட்டு சுடுகிறது என்றார். ஏ.சி.யில் ஜெபா குளிருகிறது என்று சிநேகாவின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

சிநேகா கண்ணாடியில் கணவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமல்லபுரத்தில் கடலோரமாக வண்டியை நிறுத்தினார்கள். தொழுதுவிட்டு அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சுஹைப் பள்ளிவாசலுக்குப் போனான்.

அவன் தலை மறைந்ததுமே சிநேகா கேட்டுவிட்டாள். என்னதான் குறை இந்த வண்டியில்?

ஞானதாஸ் இறங்கி நின்று சட்டையை உதறிக்கொண்டார். “நான் இதுல ஏற மாட்டேன். நான் ஏறாத வண்டி என் வூட்டு வாசல்ல நிக்கக் கூடாது. அவ்ளோதான்.”

வீடு அவர் பெயரில் இருக்கிறது. பத்து வருஷத்தில் ஒருநாளும் அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சிநேகாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“நாங்க நல்லா இருக்கறது உங்களுக்குப் பொறுக்கல மாமா. அதான் விஷயம். நீங்க இருக்கற வரைக்கும் அந்த வீட்ல ஒரு நல்லது நடக்காது.”

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ள மனசில்லை. அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நைனா வேணாங்கறாரு. விட்டுடலாம் சிநேகா” என்றான் ஆல்வின்.

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அப்பாவுக்கு எதிரே வாயைத் திறக்கத் துப்பில்லாதவன் என்று நினைத்தாள். ஜெபாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தாள்.

அலையில் கால் நனைத்தபடியே முடிவெடுத்தாள். தனிக்குடித்தனம். அடுத்த மாதமே. இனி இந்த மனிதரின் முகத்தில் விழிப்பதாக இல்லை.

ஜெபா இடுப்பு வரை நனைந்துவிட்டாள். மாற்றுத்துணி காரில் இருந்தது. குழந்தையைக் கண்ணெதிரே சங்குக் கடையில் நிற்க வைத்துவிட்டு சிநேகா மட்டும் காருக்கு வந்தாள்.

அப்பாவும் மகனும் காரின் பின்பக்கம், டிக்கியைத் திறந்து அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முன்பக்கமாக வந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

யாரோ அழுகிற சத்தம் கேட்டது. ஆல்வின்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

“நீ சோத்து டப்பாவ மறந்து வச்சிட்டுப் பூட்டியேன்னு ஃபேக்டரி கேட்டுக்கு எடுத்தாந்தேன். ரெண்டு மாசம் முன்னாடியே உன்ன வேலய வுட்டு நிறுத்திட்டாங்கன்னு வாட்ச்மேன் சொன்னான்” என்றார் ஞானதாஸ்.

“அவகிட்ட எப்புடி சொல்றதுன்னே தெரியல நைனா. காரு காருன்னு அவ்ளோ ஆசையா இருந்தா.”

“நீ சொல்றப்ப சொல்லு. அதுவரிக்கும் பழி என்மேலயே கெடக்கட்டும். எனக்கு இன்னா இப்ப.”

சிநேகாவின் கை கார் கதவிலேயே நின்றுவிட்டது.

பிறகு கிழவர் பேசினார். குரல் வேறு மாதிரி இருந்தது.

“முப்பது வருஷம் தண்டவாளத்துல கேங்மேன் வேல பாத்தவன்டா நானு. பிளாட்பாரம் கோடியில ஆளுங்க எதுக்கு நிக்கிறாங்கன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியும். நாலு நாளா உன் பின்னாலயே டிக்கெட் எடுத்துகினு வந்துகினு கீறேன், நீயும் அங்கதான் போயி நிக்கற. காரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ தெனம் சாயங்காலம் வூடு வந்து சேரு. அது போதும்டா.”